யானை நகராத யானைப் பொறி

நாகர்கோவில்
ஞாயிறு இரவு

மக்களே,

அம்மா அனுப்பிய நேந்திரங்காய் உப்பேரி வந்து சேர்ந்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று செஸ் கிளப்பில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினேன். சிரிக்காதே. முப்பது வருஷமாக ராஜாவின் சிப்பாயைத் தவிர வேறெதையும் முதலில் தொடாதவன்தான். நீ இந்த டி4-ஐ (டி வரிசை, நாலாம் கட்டம்) ஆடும்போதெல்லாம் தூங்குமூஞ்சி ஆட்டம் என்று திட்டியவனும் நான்தான்.

எதிரே குலசேகரத்து ரப்பர் அண்ணாச்சி. காலையில் மழை, ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. பஸ் ஏறி வந்துவிட்டார்.

அவர் டி5, நான் சி4, அவர் இ6. அப்புறம் என் குதிரை சி3-க்கு வந்தது. அவர் குதிரை எஃப்6-க்கு வந்ததும், மந்திரியை ஜி5-ல் நிறுத்தி அதைக் கட்டிப்போட்டேன். இன்னொரு குதிரையை டி7-ல் வைத்தார். சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டு. இப்போது டி5-ல் ஒரு கறுப்புச் சிப்பாய். காவலுக்கு நிற்கும் குதிரை அசைந்தால் பின்னால் ராணி போய்விடும். கேட்பாரில்லாத தேங்காய்தானே என்று குதிரையால் வெட்டினேன்.

அண்ணாச்சி சுக்குக் காப்பியைக் கீழே வைத்தார். அசையக் கூடாத அந்தக் குதிரையாலேயே என் குதிரையை வெட்டினார். மனுஷன் ராணியை மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ராணியை எடுத்துப் பெட்டியில்கூடப் போட்டுவிட்டேன். உடனே அவர் மந்திரி பி4-க்கு வந்து செக். ராஜாவுக்குப் போக இடமில்லை. குறுக்கே நிறுத்த என் ராணியை விட்டால் ஆளில்லை. வெட்டெல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால், ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறேன். வெட்டுவது அவருக்குத் தொழில். எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

இதற்கு யானைப் பொறி என்று பெயராம். இரண்டு பக்கமும் ஒரு யானைகூட மூலையை விட்டு அசையவில்லை. எவன் வைத்த பெயரோ! முப்பது நகர்வு இழுத்துப் பார்த்துவிட்டுத் தோற்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அலமாரியைத் திறந்தேன். 2010-ல் சோபியாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், ஆனந்த் கறுப்புக் காய்களோடு கடைசி ஆட்டத்தில் டோபலோவை ஜெயித்த செய்தி, நீ கதவுக்குள் ஒட்டியபடியே இருக்கிறது. அன்று டோபலோவ் தள்ளியதும் இதே ராணிச் சிப்பாய்தான். கீழே உன் செஸ் நோட்டு. நான் விழுந்த குழி அதில் அப்படியே, நகர்வு நகர்வாக. ஓரத்தில் பென்சிலில் உன் கையெழுத்து: “அப்பா டி4 ஆடமாட்டார். வேஸ்ட்.”

ஆடிவிட்டேன், மக்களே. தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
அப்பா