பத்து மணிக்குப் பூட்டியிருக்கும் பூங்கா

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருமுனைப் பூங்கா காலை 5 மணிக்குத் திறந்து 9 மணிக்குப் பூட்டப்படுகிறது. மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. இந்த நேரத்தை வகுத்தவர் வீட்டில் காலைச் சமையல் யார் பொறுப்பு என்று கேட்கத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அம்மாவுக்கு வயது 61. ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்து, இட்லி ஊற்றி, பேரனுக்கு டப்பா கட்டி, பள்ளி வேனில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் ஒன்பதரை. செருப்பை மாட்டிக்கொண்டு போனால் கேட்டில் பூட்டு. சரி, ரோட்டிலேயே நடப்போம் என்று போன தை மாதம் கிளம்பியவர், மழைநீர் வடிகாலின் ஆடும் மூடியில் கால் வைத்து விழுந்தார். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால் சும்மா விடக்கூடாது என்று டாக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி ஸ்கோர் மைனஸ் 2.7. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து, முதல் சில வருடங்களிலேயே எலும்பு வேகமாகக் கரைகிறதாம். மாத்திரையோடு தினம் அரை மணி வேக நடையும் எழுதிக் கொடுத்தார். கரைந்ததை நடை திருப்பித் தராது என்றும் ஒளிக்காமல் சொன்னார். இருப்பதைக் காக்கும், காலுக்கு வலு வரும், விழுவது குறையும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 61,200 செவிலியர்களை 12 ஆண்டுகள் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. வேறு உடற்பயிற்சி செய்யாதவர்களில், வாரம் 4 மணி நேரமாவது நடந்தவர்களுக்கு, 1 மணி நேரம்கூட நடக்காதவர்களைவிட இடுப்பெலும்பு முறிவு 41 சதவீதம் குறைவு. நாள் கணக்கில் பார்த்தால் முப்பத்தைந்து நிமிடம்தான்.

2023-இல் தமிழக அரசு மக்கள் நடப்பதற்கென்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தது. நல்ல காரியம். ஆனால் நடப்பதற்காக அம்மா பஸ் ஏறிப் போகமாட்டார்.

பகலில் திறந்தால் தூங்குபவர்களும் ஜோடிகளும் வந்துவிடுகிறார்கள் என்கிறார் காவலர். வரட்டுமே. பெஞ்சில் ஒருவர் தூங்குவதால் என் அம்மாவின் நடைக்கு என்ன இடைஞ்சல்? பத்து மணிக்கு மேல் அடிக்கும் வெயிலில் வைட்டமின் டியும் கொஞ்சம் சேரும். சித்திரை, வைகாசியில் வேண்டுமானால் பூட்டிக்கொள்ளுங்கள்.

மற்ற மாதங்களில் 10 முதல் 12 வரை கேட்டைத் திறந்துவைக்க உத்தரவிடுங்கள். அப்புறம் அந்த வடிகால் மூடி. இன்னும் ஆடுகிறது. யாரோ புண்ணியவான் அதன்மேல் ஒரு செங்கல் வைத்திருக்கிறார்.

அம்மா இப்போது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடக்கிறார். ஐம்பது சுற்று. கணக்குத் தப்பாமலிருக்கக் கைப்பிடிச் சுவரில் ஐம்பது புளியங்கொட்டை வைத்திருக்கிறார். சுற்றுக்கு ஒன்றாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்துகிறார்.

இப்படிக்கு,
பூங்காத் தெருவாசி ஒருவர்