ஞாயிற்றுக்கிழமையை மிச்சப்படுத்து, தம்பி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ராஜபாளையத்தில் இரண்டு நாளாக நல்ல மழை. மாடியில் காயப்போட்ட வற்றல் வீணாகிவிட்டது என்று அம்மாவுக்கு வருத்தம்.

நேற்று போனில் நீ சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிறு முழுவதும் நீயும் கவிதாவும் வீட்டைத் துடைத்து அடுக்குகிறீர்கள். செவ்வாய் இரவுக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. பிறகு, இது யாரால் ஆனது என்று ஒரு பஞ்சாயத்து. போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்தை நிறுத்திவிடுங்கள். புதிதாக வாங்கப் போவதாகச் சொன்னாயே, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள், அவற்றையும் இப்போது வாங்க வேண்டாம். தேவையில்லாத சாமானை அழகான டப்பாவில் போட்டால் அது தேவையுள்ளதாகிவிடாது. ஒரே ஒரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது யோசிக்காமலே நடக்கிற வரைக்கும் இன்னொன்றைத் தொடாதீர்கள்.

இதை நான் மில்லில் பார்த்தேன். நான் ஸ்டோர்கீப்பராக இருந்தபோதுதான் ஜப்பான்காரர்களுடைய ஃபைவ் எஸ் முறை எங்கள் மில்லுக்கு வந்தது. வேண்டாததை ஒதுக்கு, வேண்டியதற்கு இடம் கொடு, துலக்கு, எல்லாரும் ஒரே மாதிரி செய், அதை விடாமல் செய்: மொத்தம் ஐந்து படிகள். ஒரே வாரத்தில் ஐந்தையும் தொடங்கினார்கள். பேனர், பேட்ஜ், உறுதிமொழி, வேண்டாத சாமானில் கட்டுகிற சிவப்பு அட்டை, எல்லாம் வந்தன. ஆரம்ப சூரத்தனத்துக்குக் கேட்கவா வேண்டும்! சில மாதங்களில் அந்தப் பேனரின் மேலேயே பஞ்சுத் தூசி படிந்துவிட்டது. ஆனால் இரண்டு விஷயங்கள் மட்டும் நான் ஓய்வு பெறும் வரை நின்றன.

ஒன்று, மெயின்டெனன்ஸ் பகுதியில் இருந்த கருவிப் பலகை. ஒவ்வொரு ஸ்பேனரையும் சுத்தியலையும் ஆணியில் மாட்டி, அதன் உருவத்தைப் பின்னால் பெயிண்டால் வரைந்திருந்தார்கள். கருவியை எடுத்தால் பலகையில் வெறும் உருவம் தெரியும். பதினான்காம் நம்பர் ஸ்பேனர் திரும்பி வரவில்லை என்பதை யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் நுழைகிறவனுக்கே அந்தக் காலி இடம் கண்ணில் குத்தும். ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை மனிதர்கள் தலையிலிருந்து இறக்கிச் சுவரில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஷிஃப்ட் முடியச் சங்கு ஊதுவதற்கு முன்னால் பத்து நிமிடம் அவரவர் மெஷினைச் சுற்றிப் பெருக்குவது. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு படிந்தால் அழுக்கோடு போகாது, ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும். அடுத்த ஷிஃப்டுக்காரன் நம் குப்பையின் மேல் வந்து நிற்கக் கூடாது என்ற மானமும் ஒரு காரணம். இந்த இரண்டும் ஏன் நின்றன? ஒன்றுக்கு இடம் இருந்தது, மற்றொன்றுக்கு நேரம் இருந்தது. மற்றதெல்லாம் "எல்லாரும் எப்போதும்" செய்ய வேண்டியவை. எல்லாரும் எப்போதும் செய்ய வேண்டியதை யாரும் எப்போதும் செய்வதில்லை.

உன் வீட்டில் முதல் பழக்கமாக நான் சிங்க்கைத்தான் சொல்வேன். இரவு படுக்கப் போகும்போது அது காலியாக இருக்க வேண்டும். உங்கள் காலைத் தாமதம் அங்கேதான் தொடங்குகிறது. பால் காய்ச்சும் பாத்திரம் சிங்க்கின் அடியில் கிடக்கும். அதன்மேல் குழம்புச் சட்டி, அதற்குள் நான்கு கரண்டி, கரண்டியின் மேல் குக்கர் மூடி. எல்லாவற்றையும் எடுத்துப் பால் பாத்திரத்தை விளக்கி முடிப்பதற்குள் ஆபீஸ் பஸ் போய்விடும். அந்தக் கோபத்தில் பேசுகிற பேச்சு நாள் முழுவதும் கூடவே வரும்.

எப்போது செய்வது என்றால், நேரம் கிடைக்கும்போது என்று மட்டும் சொல்லாதே. அப்படி ஒரு நேரம் கிடைக்கவே கிடைக்காது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்திருக்கிறாய் அல்லவா, அந்தக் கையோடு உன் தட்டையும் டம்ளரையும் விளக்கிக் கவிழ்த்துவிடு. முதலில் அது மட்டும் போதும். குக்கரைத் தொடாதே. மாவுப் பாத்திரத்தைத் தொடாதே, தண்ணீர் ஊற்றி ஊற மட்டும் வை, காய்ந்தால்தான் அது கல்லாகும். இவ்வளவு சின்ன வேலையா என்று வெட்கம் வர வேண்டும், அந்த அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் களைத்து வருகிற நாளிலும் நடக்கும். தட்டு தானாகக் கழுவப்படத் தொடங்கிய பிறகு குழம்புச் சட்டியைச் சேர்த்துக்கொள். பிறகு குக்கர். அதன் கேஸ்கெட்டைக் கழற்றிக் கழுவு, நாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கும். கடைசியாக ஒரு துணியால் சிங்க்கின் ஈரத்தை ஒற்றி எடு. கரப்பான் பூச்சி சோறில்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. அது இரவில்தான் வெளியே வரும். வருகிற நேரத்தில் சிங்க் காய்ந்து கிடந்தால் நீ அடிக்கிற மருந்தில் பாதி மிச்சம்.

வேலைக்கு ஆள் வைக்கலாமா என்று கேட்டாய். தாராளமாக வையுங்கள், நியாயமான சம்பளம் கொடுங்கள். ஆனால் கார்ச் சாவி எங்கே இருக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. உனக்கே தெரியவில்லையே.

இப்படி ஒவ்வொன்றாகப் போனால் எப்போது முடியும் என்று நினைப்பாய். 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அதை நம்பாதே. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்று ஆளுக்கொரு பழக்கம். அது தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்தது நடுவாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, கணக்குப்படி 254 நாள் தேவைப்படுகிறவர்களும் இருந்தார்கள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தது. எனக்கு அதில் பிடித்தது வேறொரு செய்தி: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். நீயோ ஒரு நாள் விட்டுப்போனால், "போச்சு, இனி அடுத்த ஞாயிறுதான்" என்று மொத்தத்தையும் கைவிடுகிற ஆள். ஆகவே இதை நன்றாகப் பிடித்துக்கொள். 66 நாள் என்றே வைத்தாலும் வருடத்துக்கு ஐந்து பழக்கம் வரும். ஒரு வீட்டுக்கு ஐந்து தாராளம்.

இரண்டாவதாக எதை எடுப்பது என்பதை நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் துணி. போன முறை வந்தபோது படுக்கையறை நாற்காலியைப் பார்த்தேன், அதாவது அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது என்று ஊகித்தேன். ஒரு தடவை உடுத்திய பேண்ட்டும் சட்டையும் பீரோவுக்குள் போக முடியாது, அழுக்குக் கூடைக்கும் போக வேண்டியதில்லை. போக்கிடம் இல்லாத துணி நாற்காலியில்தான் உட்காரும். அதோடு சண்டை போடாதே. கதவுக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று கொக்கி அடி. மூன்றும் நிரம்பிவிட்டால் ஒன்று துவைக்கப் போக வேண்டும். எங்கள் கருவிப் பலகையின் கணக்குதான் இதுவும்.

துவைத்த துணிக்கு அம்மாவின் வழியைச் சொல்கிறேன். அவள் கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு வரமாட்டாள். கிளிப்பைக் கழற்றும்போதே அங்கே நின்றபடி மடித்துத் தோளில் போட்டுக்கொள்வாள். அவள் துணி இடது தோளில், என் துணி வலது தோளில். உள்ளே வந்ததும் நேராக பீரோவுக்குப் போய்விடும். அள்ளி வந்து கட்டிலில் போட்டால் அது குவியலாகிவிடுகிறது, குவியலைப் பார்த்தால் யாருக்கும் கை வராது. நின்ற இடத்தில் ஒவ்வொன்றாக மடிப்பது வேலையாகவே தெரியாது. நீ வாசலில் அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைக்கிறாயே, அதற்கும் இதே வழிதான்: பார்சலை வாங்கிய கையோடு பிரித்து, பெட்டியைத் தட்டையாக்கி, பழைய பேப்பர்க்காரருக்கு என்று ஓர் இடத்தில் சாத்திவிடு.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லிவிட்டன. பால் பாக்கெட்டை ஒரு தடவை அலசிவிட்டு மக்காததில் போடு, இல்லாவிட்டால் அந்தக் கூடை இரண்டே நாளில் உங்களை வீட்டை விட்டு விரட்டிவிடும்.

ஆனால் ஒன்றை மட்டும் வரிசைக்குக் காத்திருக்காமல் இந்த மாதமே தொடங்கு. சென்னைக்கு ஐப்பசி மழை வரப்போகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, வீட்டுக்குள் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகி எழுந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதன் குடும்பம் அதோடு முடிந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், அதைப் பார்த்திருக்கவே மாட்டாய். அது, மணி பிளான்ட் பாட்டில், பால்கனித் தொட்டிகளின் அடித்தட்டு. மூன்றையும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவு. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. கவிதா வியாழக்கிழமை மாலை பூஜை விளக்கைத் துலக்குவதாகச் சொன்னாள். அவள் விளக்கை எடுக்கும்போது நீ ஃபிரிட்ஜின் பின்னால் போ.

நம் பழைய வீடுகளில் இப்படித்தான் ஒவ்வொன்றும் எதோடாவது கட்டப்பட்டிருந்தது. விடியலில் வாசல் தெளிப்பது, விளக்கேற்றுமுன் பெருக்குவது, ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைப்பது, போகிக்குப் பழையதைக் கழிப்பது. எப்போது செய்யலாம் என்று யாரும் யோசித்ததில்லை. இதைச் சொன்னால் "அந்தக் காலம் பொற்காலம்" என்று பெருமையடிக்கச் சிலர் கிளம்பிவிடுவார்கள். ஆயுத பூஜையை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் உன் அப்பத்தாவின் முதுகில் ஏறியிருந்தது. அந்த வழக்கத்தில் கட்டுமானத்தை மட்டும் எடுத்துக்கொள், பாரத்தைக் கவிதாவின் முதுகுக்கு மாற்றிவிடாதே.

அதனால் அவளிடம் போய் "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. கேட்டால் என்னென்ன பாக்கி இருக்கிறது என்று கணக்கு வைக்கும் வேலை அவள் தலையில் விழுகிறது. பாத்திரம் விளக்குவதைவிட அது களைப்பான வேலை, ஸ்டோர்கீப்பர் சொல்கிறேன். இரவுச் சிங்க் உன்னுடையது என்றால் முழுக்க உன்னுடையது. நார் தேய்ந்தாலும், சோப்பு தீர்ந்தாலும் நீதான் பார்த்து வாங்க வேண்டும். அவள் எடுத்துக்கொள்கிற பழக்கத்தில் நீ மேஸ்திரி வேலை பார்க்கக் கூடாது.

சாமானைக் கழிப்பதற்கு மட்டும் மில்லின் சிவப்பு அட்டையை இரவல் தருகிறேன். ஓர் அட்டைப் பெட்டி எடு. போன வருடம் ஒரு தடவைகூடக் கையில் எடுக்காததையெல்லாம் அதில் போட்டு, மேலே தேதியை எழுதிப் பரணில் வை. அடுத்த போகி வரைக்கும் யாரும் தேடவில்லை என்றால், பிரித்துப் பார்க்காமல் கொடுத்துவிடு. பிரித்துப் பார்த்தால் பாசம் வந்துவிடும். கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரங்களும், ஒரே மாதிரி ஹாட்பேக்குகளும், சீர்ப் பாத்திரங்களும் இதில் சேர்த்திதான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஆறு தூக்குவாளி எதற்கு? அம்மா வருத்தப்படுவாளோ என்று தயங்க வேண்டாம், கேட்டுவிட்டேன், சம்மதம்.

தேக்குப் பலகையில் கொக்கி அடித்து இரண்டு தயார் செய்திருக்கிறேன். ஒன்று கதவுக்கு, மற்றொன்று வாசலில் சாவிக்கும் ஹெல்மெட்டுக்கும். சுவரில் டிரில் போட வீட்டுக்காரர் விடுவாரா என்று கேட்டுச் சொல். விடமாட்டார் என்றால் கதவின் மேல்விளிம்பில் தொங்கவிடுகிற மாதிரி பட்டை வைத்து மாற்றித் தருகிறேன். கதவு எவ்வளவு தடிமன் என்று அளந்து எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சம்மதம் என்று எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அம்மா ஒரு திருத்தம் சொல்கிறாள். பெரிய இட்லிக் கொப்பரையை மட்டும் பெட்டியில் போட வேண்டாமாம். தீபாவளிக்கு வரும்போது அவளே எடுத்துக்கொள்வாளாம்.