லினக்ஸுக்கு மாறப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

லப்டொப்பில் இருக்கிற வின்டோஸை அழித்துவிட்டு இந்தக் கிழமையே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் போவதாக எழுதியிருந்தீர். காரணம் எனக்கு நன்றாக விளங்குகிறது. வின்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உம்முடையது ஆறாம் தலைமுறை இன்டெல். வின்டோஸ் 11 அதை ஏற்றுக்கொள்ளாது. நல்லாய் ஓடுகிற மெஷினை ஒதுக்கிவிட்டு யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்க இன்றைய விலையில் யாருக்கு மனம் வரும்? அதோடு படங்களைத் திருத்த நாங்கள் பாவிக்கும் லைட்ரூமுக்கு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியபோது, கலியாணத்துக்குப் படம் பிடிக்க நாங்கள் வாங்கும் காசு அந்த வேகத்தில் கூடவில்லை.

ஆகவே மாறும். நான் மறிக்கவில்லை. ஆனால் வின்டோஸை இப்போதே அழிக்க வேண்டாம். உம்முடைய வேலை எங்கே இருக்கிறது என்று முதலில் பாரும்.

படங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, அவற்றை லினக்ஸ் தாராளமாகத் திறக்கும். அந்தப் படங்களில் இரவிரவாக நீர் செய்த வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தெரிந்தெடுத்து நட்சத்திரம் போட்டது, வெளிச்சம் ஏற்றியது, முகத்தைத் துலக்கியது எல்லாம் லைட்ரூமின் கட்டலொக் என்ற ஒரு பைலுக்குள் கிடக்கின்றன. லினக்ஸுக்கு அடோபி லைட்ரூம் செய்யவில்லை. அங்கே அதன் இடத்தில் நீர் பாவிக்கப் போகும் டார்க்டேபிள் என்ற புரோகிராம் அந்தக் கட்டலொக்கை நேரே திறக்காது. அதனால் லைட்ரூம் கிளாசிக்கில் எல்லாப் படங்களையும் தெரிவு செய்து கன்ட்ரோல் எஸ் அடியும். கமெரா பதிந்த மூலப் படமான ஒவ்வொரு ரோ பைலுக்கும் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சிறிய குறிப்பு பைல் ஒன்று வந்து விழும். நட்சத்திரம், நிற லேபல், கீவேர்ட் எல்லாம் அதில் இருக்கும், டார்க்டேபிள் அவற்றை வாசிக்கும். ஒரே படத்துக்கு லைட்ரூமில் வைத்த வெர்ச்சுவல் கொப்பியும், படங்களைச் சேர்த்து வைத்த கலெக்ஷனும் வராது. எடிட்டிங்கும் அதே தோற்றத்தில் வராது. முடித்துக் கொடுத்த கலியாணங்களை 16 பிட் டிஃப் என்ற பட பைலாகவோ முழுத்தர ஜேபெக் ஆகவோ வெளியே எடுத்து வையும். கனடாவில் இருக்கிற தாய் ஒருவர் நாலைந்து வருடம் கழித்து, "தம்பி, அதே படத்தைப் பெரிசாய்ப் போட்டுத் தாங்கோ" என்று கட்டாயம் கேட்பார். மாதக் கட்டணத்தை நிறுத்தினாலும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். டெவலப் பகுதிதான் பூட்டிக்கொள்ளும். அதற்காக அவசரப்பட வேண்டியதில்லை.

அப்புறம் டார்க்டேபிள். முதல் படத்தைத் திறந்ததும் மனம் விழுந்துவிடும், அதற்குத் தயாராக இரும். கமெராவின் திரையில் நீர் பார்த்தது கமெரா தானே சமைத்த ஜேபெக். லைட்ரூமும் அடோபியின் நிறத்தைப் பூசித்தான் தொடங்குகிறது. இங்கே படம் கொஞ்சம் வெறுமையாக வரும். அதை லைட்ரூம் படம் மாதிரி ஆக்கப் பாடுபட வேண்டாம். எக்ஸ்போஷரை முகத்தைப் பார்த்து ஏற்றும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

இந்தப் புரோகிராமில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது மணவறைப் படங்களில்தான். இப்போதைய ஹோல்களைப் பற்றி உமக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னால் ஊதா எல்ஈடி, முன்னால் வீடியோக்காரரின் மஞ்சள் லைட். பெண்ணின் ஒரு கன்னம் மஞ்சள், மற்றது ஊதா. கூறைச் சேலையின் சிவப்பு ஒரே கட்டியாக நிற்கும். சரிகை எங்கே, துணி எங்கே என்று தெரியாது. டார்க்டேபிளில் கலர் கலிபரேஷன் என்ற மொடியூலை ஒரே படத்தில் இரண்டு தரம் போடலாம். ஒன்றை மஞ்சள் விழுந்த பக்கத்துக்கும் மற்றதை ஊதாப் பக்கத்துக்கும் மாஸ்க் போட்டுப் பிரித்துவிட்டால், இரண்டு வெளிச்சத்தையும் தனித்தனியாகவே கணக்கெடுக்கிறது. கன்னம் இரண்டும் ஒரே முகத்துக்கு உரியவை ஆகும். அதன் பிறகு சிவப்பைக் கொஞ்சம் தணித்துப் பாரும். கமெரா சிவப்பை முற்றாக எரித்துவிடாத இடங்களில் சரிகையின் இழை திரும்பி வரும். பழக நாள் எடுக்கும், ஆனால் அந்த நேரம் வீண் போகாது.

அல்பம்தான் சிக்கல். கடையில் வாங்குகிற டிசைன்கள் எல்லாம் ஃபோட்டோஷொப்புக்குச் செய்தவை. லினக்ஸில் அதன் இடத்தில் பாவிக்கிற கிம்ப், 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஃபோட்டோஷொப்பின் பிஎஸ்டி பைலைத் திறக்கும், ஆனால் ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் என்ற, படத்தை மாற்றிப் போடக்கூடிய பெட்டிகளை வைத்துச் செய்த டிசைன் ஒழுங்காக வராது. அல்ப வேலையை டிசைனரிடம் கொடுப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நீர் சொந்தமாகச் செய்கிறீர், அதற்காகவே வின்டோஸை ஒரு பக்கத்தில் விட்டு வையும், இன்டர்நெட்டில் இணைக்காமல். இரண்டையும் வைத்திருந்தால் வின்டோஸில் அதை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடும். இல்லாவிட்டால் வின்டோஸ் முழுதாக மூடாது, லினக்ஸில் இருந்து அந்தப் பகுதிக்குள் எதையும் எழுத முடியாமல் போகும். திரையின் நிறத்தை அளக்கிற கருவி உம்மிடம் இருக்கிறதல்லவா? அது லினக்ஸில் டிஸ்ப்ளேகால் என்ற புரோகிராமுடன் வேலை செய்கிறதா என்று முதலே பாரும். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்டை ஒரு பென் டிரைவில் போட்டு, ஒன்றும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

காலத்தையும் சொல்கிறேன்: ஆடி. கலியாணம் இல்லை, வாடிக்கையாளர் நெருக்க மாட்டார். கொழும்பில் ஆடிவேல் திருவிழாத் தேர் செட்டியார் தெருவில் இருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். இரவு, லைட் அலங்காரம், தீபம், வியர்த்த முகங்கள் என்று பழகுவதற்கு இதைவிடக் கடினமான படங்கள் வேறு கிடைக்காது. அவற்றில் சிலதை லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் செய்து, நீர் வழமையாகக் கொடுக்கிற கலர் லாப்பிலேயே பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வாரும். பகல் வெளிச்சத்தில் வைத்து இருவருமாகப் பார்ப்போம். ஆவணிக் கலியாணங்களை எதில் செய்வது என்று அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்