தாடியும் சிகிச்சைக்கு உரியதே

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநங்கையர் நலன் என்றால் அறுவை சிகிச்சையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முகமுடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஹார்மோன் எடுத்துக்கொண்டாலும் ஏற்கெனவே முளைத்துவிட்ட தாடி உதிராது. காலையில் மழித்தால் மாலைக்குள் கன்னத்தில் பச்சை தட்டிவிடும். பேருந்தில் முறைப்பும் கிண்டலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பெண்ணுடை அணிய விரும்பும் ஆண்களுக்கும் இதே தொல்லை.

கையில் காசில்லாதவர்கள், லேசரில் முடி நீக்குவதை மலிவாகச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அழகு நிலையத்துக்குப் போகிறார்கள். ஆபத்து அங்கேதான். லேசர் ஒளி முடிக்குக் கருமை தரும் மெலனின் நிறமியைத் தேடிப் போகிறது. நம் தோலிலும் அதே மெலனின் நிறைய உண்டே! கருவி தெரியாதவர் கையில் கொப்புளமும் கருந்தழும்பும்தான் மிஞ்சும். கருநிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற லேசர் வகையே ஓரளவு பாதுகாப்பு. அதுவும் சில வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டும். இடையில் மழிக்கலாம், பிடுங்கக் கூடாது. மெலனின் இல்லாத நரைத்த முடிக்கு, நுண்ணூசி வழியே மின்சாரம் செலுத்தி வேரை அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி.

இது வெறும் ஒப்பனைச் செலவு என்று அதிகாரிகள் தட்டிக்கழிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 15-ஆவது பிரிவில், காப்பீட்டில் சேர வேண்டியவற்றுள் லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் தோல் பிரிவில், வாரம் ஒரு நாளாவது இதற்கென ஒதுக்கினால் என்ன?

வாசகி, மதுரை