கிராஃபின் அச்சைப் பிள்ளைகளே போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பட்டர்வொர்த்வாசி. தினமும் பாலம் தாண்டிப் போய் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 20 வருடமாக டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். பள்ளி ஆசிரியர் இல்லை, ஆனால் ஷிஃப்ட் முழுக்க கிராஃப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால்தான் என் வீட்டில் நடந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகள் படிவம் 4 படிக்கிறாள். போன வாரம் நான் இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இயற்பியல் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். டியூஷனில் கொடுத்தது. சிமுலேஷனில், அதாவது சோதனையை நிஜம்போலவே திரையில் நடத்திக்காட்டும் மென்பொருளில், ஒரு பந்தைப் பூமியில் விழவிட வேண்டும், அதையே நிலவில் விழவிட வேண்டும், 3 விநாடிக்கு வேகம்–நேரம் கிராஃப் எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டம். இரண்டிலும் கோடு கீழே இடது மூலையில் ஆரம்பித்து மேலே வலது மூலைக்குப் போகிறது, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அப்படியே பொருந்தும். அவள் விடைத்தாளில் "இரண்டின் சாய்வும் சமம், ஆகவே முடுக்கமும் சமம்" என்று எழுதி முடித்துவிட்டாள்.

பக்கத்தில் இருக்கிற எண்ணைப் பாரம்மா என்றேன். இடது பக்க கிராஃபில் செங்குத்து அச்சு 30 வரை, வலது பக்கம் 5 வரை. பூமியில் ஈர்ப்பு முடுக்கம் 9.81, மூன்று விநாடியில் வேகம் விநாடிக்கு 29.4 மீட்டருக்கு வந்துவிடும், நிலவில் 1.62, அதே மூன்று விநாடியில் 4.9 கூட வராது. ஆறு மடங்கு வித்தியாசம். அது அவளுக்குத் தெரியாத விஷயமும் இல்லை, பாடத்தில் படித்ததுதான். அச்சை நாமே போடும்படி மாற்றி இரண்டையும் 0 முதல் 30 வரை என்று வைத்தோம். நிலவின் கோடு தரையை ஒட்டிப் படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, அப்ப இவ்வளவு நாளா நான் பார்த்த கிராஃப் எல்லாம்?" என்று கேட்டாள்.

அவள் மேல் தப்பு இல்லை. அந்தப் பயிற்சித் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த மென்பொருள்களில் ஆட்டோ ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது, வருகிற எண்ணுக்கு ஏற்ப அச்சை அதுவே நீட்டிக்கொள்ளும். கோடு கட்டத்துக்கு வெளியே ஓடிவிடாமல் இருக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள், ஒரே ஒரு கிராஃப் பார்க்கும்போது நல்ல வசதி. ஒப்பிடும்போதுதான் வம்பு. 1999 முதல் இலவசமாகக் கிடைக்கும் நெட்லோகோ என்ற சிமுலேஷன் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், ஆடு–ஓநாய் எண்ணிக்கை மாதிரியெல்லாம் அதில்தான் பிள்ளைகள் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் கிராஃபைத் திருத்தும் பெட்டியைத் திறந்தால் எக்ஸ் குறைந்தது, எக்ஸ் கூடியது, ஒய் குறைந்தது, ஒய் கூடியது என்று நான்கு எண், பக்கத்திலேயே ஆட்டோ ஸ்கேல் கட்டம். டிக்கை எடுத்துவிட்டு எண்ணைப் போட ஒரு நிமிடம் ஆகாது. அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கொடுப்பவர்தான் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, என் அக்கா மகன் செய்தது. ஒரு மீட்டர் நூலில் ஊசல், 50 கிராம், 100 கிராம் என்று எடையை 200 கிராம் வரை ஏற்றி, சிமுலேஷனில் இருக்கும் ஸ்டாப்வாட்சைக் கையால் அமுக்கி அலைவு நேரம் எடுத்தான். 2.00, 2.01, 1.99, 2.01. கையால் அமுக்கினால் இந்த அளவு முன்னே பின்னே வரத்தான் செய்யும். ஆனால் அவன் கணினியில் போட்ட கிராஃப் 1.99 முதல் 2.01 வரை மட்டும் அச்சை எடுத்துக்கொண்டதால் கோடு மலையும் பள்ளமுமாக நின்றது, அவனும் எடை மாறினால் நேரம் மாறுகிறது என்று எழுதிவிட்டான். அச்சைப் பூஜ்யத்தில் ஆரம்பித்திருந்தால் நேர்க்கோடு, ஒரு கேள்வியும் இல்லை.

எங்கள் வேலையில் இது விளையாட்டுக் காரியம் கிடையாது. 1924இல் அமெரிக்காவில் ஷூஹார்ட் என்பவர் கொண்டுவந்த கட்டுப்பாட்டு வரைபடம்தான் இன்றைக்கும் எங்கள் உற்பத்தி லைனில் ஓடுகிறது: நடுவில் சராசரிக் கோடு, மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. புள்ளி எல்லைக்குள் ஆடினால் அது இயல்பான ஆட்டம், தொடாதே. தாண்டினால் நிறுத்திப் பார். எது ஆட்டம், எது உண்மையான மாற்றம் என்று சொல்வதே அந்த எல்லைக்கோடுகள்தான். ஒருமுறை புதிதாக வந்த தம்பி ஒருவர் திரையில் ஆட்டோ ஸ்கேலைப் போட்டுவிட்டார். 150 டிகிரியில் நிற்க வேண்டிய ஓவன் 149.8க்கும் 150.2க்கும் நடுவில் ஆடிய ஆட்டம் திரை முழுக்க ஏறி இறங்கியது. அவர் பயந்து லைனை நிறுத்தி, எல்லோரும் ஓடி வந்து, ஒரு மணி நேர வேலை போனது. ஓவனில் ஒரு கோளாறும் இல்லை.

அச்சு மட்டும் என்றும் இல்லை, எத்தனை விநாடிக்கு ஒரு புள்ளி எடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. அரை விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் போய்வரும் ஸ்பிரிங்கை அரை விநாடிக்கு ஒரு புள்ளி என்று பதிவு செய்து பாருங்கள், ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் இருக்கும்போதே பிடிப்பீர்கள், கிராஃபில் ஸ்பிரிங் அசையவே அசையாது. இதை மகளிடம் செய்துகாட்டினேன், முதலில் நம்பவில்லை. 0.05 விநாடி என்று மாற்றியதும் அலை வந்தது.

கையால் வரையும்போது பிள்ளைகள் இதையெல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மாணவனைக் கேட்டுப் பாருங்கள்: அச்சுக்குப் பெயரும் அலகும் போட வேண்டும், கட்டத்துக்கு 3 என்று ஒவ்வாத அளவு எடுக்கக் கூடாது, கிராஃப் தாளில் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டும் என்று மளமளவென்று சொல்வான். தமிழ்ப்பள்ளியில் பட்டைக் குறிவரைவு போட்ட நாளிலிருந்து பழகியது. திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பொறுப்பு முழுவதையும் மென்பொருள் வாங்கிக்கொள்கிறது, அவனும் அது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறான்.

சிமுலேஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த ஃபெட் சிமுலேஷன்கள் எல்லாம் இலவசம், சில தமிழிலும் இருக்கின்றன, ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாததை வீட்டில் செய்து பார்க்கலாம். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது. நான் கேட்பது, பயிற்சித் தாள் தயாரிக்கும் ஆசிரியர்களும் டியூஷன் நடத்துபவர்களும், ஓட்டுவதற்கு முன்னால் அச்சு எதிலிருந்து எதுவரை வேண்டும் என்று மாணவனையே கணக்குப் போட்டு எழுத வைக்க வேண்டும், ஒப்பிடச் சொல்லும் கேள்வி என்றால் இரண்டுக்கும் ஒரே அளவு என்று தாளிலேயே சொல்ல வேண்டும் என்பதுதான். உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்திலும் ஒரு வாரம் இந்த நிலவு–பூமி கணக்கைப் படத்தோடு போட்டால் நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

மகள் இப்போது பழைய பயிற்சிகளை எடுத்து வைத்து ஒவ்வொரு கிராஃபுக்கும் பக்கத்தில் அச்சின் எல்லையைப் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை பதினொன்று முடித்திருக்கிறாள், அதில் இரண்டுக்கு விடையை மாற்ற வேண்டியிருந்தது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு