“நமக்குக் குடும்பமே மருத்துவர்” என்ற வரி பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பணக்கார நாடுகளில் மனநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசியில் எனக்குக் குறை இல்லை. கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது: “அவர்களுக்கு மனநல மருத்துவர் தேவைப்படுகிறார், நமக்குக் குடும்பமே மருத்துவர்.” படித்துவிட்டு இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்துப் படித்தபோதும் ஆறவில்லை.

அந்தக் குடும்பம் நான்தான், ஐயா.

1988-ல் என் தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்கச் சுவரில் காது வைத்து உட்கார்ந்திருப்பான். குடும்பம் என்ன வைத்தியம் பார்த்தது? சோளிங்கர் மலை ஏறினோம். குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கினோம். ஒருவர் தகடு எழுதிக் கொடுத்தார், அதை வாசலில் புதைத்தோம். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று பெரியப்பா வரன்கூடப் பார்த்தார். நல்லவேளை, பெண் அமையவில்லை.

எங்கள் வீடு அயனாவரத்தில். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அங்கிருந்து நடந்தே போகிற தூரம். அங்கே போய்ச் சேர எங்களுக்கு நான்கு வருஷம் ஆனது. மானம் போய்விடும் என்று அப்பா பயந்தார். எனக்கு வரன் வராது என்று அம்மா பயந்தாள். 1992-ல், அவன் இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் போனபிறகுதான் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை ஆரம்பித்து ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலை நிமிர்ந்து, “அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து” என்றான். நான்கு வருஷத்தில் அவனாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள். படிப்பு போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

கட்டுரையில், காமன்வெல்த் ஃபண்ட் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லியிருக்கிறீர்கள். 11 பணக்கார நாடுகளை ஒப்பிட்டது அது. அமெரிக்காவில் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டீர்கள். அதே ஆய்வு, உதவி தேடிப் போக அதிகம் முன்வருகிறவர்களில் அமெரிக்கர்களும் உண்டு, செலவுதான் பலரைத் தடுக்கிறது என்றும் சொல்கிறதே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? எனக்கு இருக்கிறது என்று வாய் திறந்து சொல்கிறவர்கள் அங்கே கணக்கில் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு 1990-ல் யாராவது வந்து கேட்டிருந்தால், “ஒன்றுமில்லை, பையனுக்குப் பரீட்சை டென்ஷன்” என்று அப்பா சொல்லி அனுப்பியிருப்பார்.

நம் கணக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015–16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கு அது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய். நோயின் வகையைப் பொறுத்து, அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. அந்த 70 முதல் 92 சதவீதம் பேரும் அநேகமாகக் குடும்பத்தோடுதான் இருந்திருப்பார்கள்.

என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். 2019-ல் அவளுக்குக் குழந்தை பிறந்தது. இரண்டாவது மாதம் போனில், “அம்மா, குழந்தையைத் தூக்கவே பிடிக்கலை” என்றாள். அங்கே குடும்ப டாக்டர் ஒரு மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதிக் கொடுத்தால் வருஷத்துக்கு 10 முறை உளவியலாளரைப் பார்க்க அந்த நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தருகிறது. 2006-லிருந்து இருக்கிற ஏற்பாடு. முழுப் பணமும் வராது, மிச்சத்தை மாப்பிள்ளை கட்டினார். ஏழெட்டுத் தடவை போனாள், தேறினாள். வீட்டுக்கு ஒத்தாசையாக வந்திருந்த சம்பந்தியம்மாவிடம் மட்டும் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அத்தனை தூரம் தள்ளிப் போயும் அவள் மறைக்க வேண்டியிருந்தது நம் குடும்பத்திடம்தான்.

அந்த நாடுகளில் எல்லாம் தேனும் பாலும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. கனடாவில் டாக்டரும் ஆஸ்பத்திரியும் இலவசம், ஆனால் வெளியே உளவியலாளரைப் பார்த்தால் பெரும்பாலும் கைக்காசு, இல்லையென்றால் கம்பெனி இன்சூரன்ஸ். ஜெர்மனியில் காப்பீடு பணம் கட்டும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஜப்பானில் மனநலப் படுக்கைகள் மற்றப் பணக்கார நாடுகளைவிட மிக அதிகம், வருஷக்கணக்கில் உள்ளேயே இருப்பவர்கள் ஏராளம். கவலை, மனச்சோர்வு என்றால் இங்கிலாந்தில் யாருடைய சீட்டும் இல்லாமல் தாங்களாகவே பேச்சு சிகிச்சைக்குப் பதிவு செய்துகொள்ளலாம், ஆனாலும் அங்கேயும் காத்திருப்பு உண்டு. இருக்கட்டும். அவர்கள் சண்டை போடுவது எத்தனை வாரம், எவ்வளவு பணம் என்பதற்காக. நாம் இன்னும் தேவையே இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தில் நாம் பின்தங்கவில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்துவிட்டது. அடுத்த வருஷமே தம்பியை 11 நாள் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. “மனநோய் எங்கள் பாலிசியில் கிடையாது” என்று காப்பீட்டு நிறுவனம் ஒரே வரியில் கடிதம் அனுப்பியது. சட்டத்தின் நகலை இணைத்து மூன்று தடவை எழுதினேன். அதைப் பற்றி உங்கள் இதழுக்கும் அப்போது எழுதினேன். அது வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சிரிப்புப் பக்கத்துக்கு இடம் இருந்தது. “கீழ்ப்பாக்கத்திலிருந்து தப்பி வந்தவன்” என்ற ஜோக்கை எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள்? 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. டாக்டர் சாரதா மேனன் அதற்குத் தலைமை ஏற்று நடத்தினார். என் தம்பி மாதாமாதம் அங்கே காசில்லாமல் மாத்திரை வாங்குகிறான். அவனும் உங்கள் இதழைப் படிக்கிறான். அந்தப் பக்கத்தை ஒன்றும் சொல்லாமல் திருப்பிவிடுவான், நான் பார்த்திருக்கிறேன்.

2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் வெந்து போனார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார்? குடும்பங்கள்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 2014-ல் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, தம்பியைச் செங்கல்பட்டில் சித்தி வீட்டுக்கு அனுப்பியவள் நான். மாத்திரைகளை எண்ணி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டு அவனே பையை எடுத்து வைத்தான். “அவங்க போனதும் போன் பண்ணுக்கா, வந்துடறேன்” என்றான். குடும்பமே மருத்துவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மனநலம் பற்றியோ, தேர்வு முடிவன்று பிள்ளைகள் உயிரை விடுவது பற்றியோ எது போட்டாலும் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104 இரண்டையும் போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தக் கட்டத்துக்கு இரண்டு அங்குல இடம் போதும். கீழ்ப்பாக்கம் ஜோக்கையும் நிறுத்திவிடுங்கள்.

கடிதத்தைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அனுப்பு, ஆனால் பெயர் வேண்டாம் என்றான். அதனால் போடவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை–23.