பருப்பு வேகிற ஊர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும் நலம். அவருக்கு முழங்கால் வலி குளிருக்குக் கொஞ்சம் கூடியிருந்தது, இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று மீட்டிங்குக்கு ஓடிவிடுகிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படி.

எந்த ஊருக்குக் குடிபோகலாம் என்று நீங்கள் போட்டு அனுப்பிய எக்செல் ஷீட்டை அப்பா கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வந்துவிட்டார். வாடகை, பள்ளிக் கட்டணம், ஏர்போர்ட் எவ்வளவு தூரம், எல்லாவற்றுக்கும் மார்க். கோவைக்கு 74, திருச்சிக்கு 71, கூடுவாஞ்சேரிக்கு 58. அதில் திருச்சிக்கு நேராக "பெற்றோர் அருகில்" என்று ஒரு வரி போட்டுப் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறாய். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த வரியை எடுத்துவிடு. சம்பந்தி அம்மாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து கோவை எட்டிப்பிடிக்கிற தூரம், அதற்கு நீ ஒரு மார்க்கும் போடவில்லை. மாப்பிள்ளை கவனித்திருப்பார், வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டார்.

சென்னையில் வேளச்சேரியை விட்டுக் கிளம்புவது சரியா என்று நான் கேட்கப் போவதில்லை. 2015 டிசம்பரில் பெரியவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டில் போய் இருந்தாய். 2019இல் தண்ணீர் லாரிக்குப் பதிந்துவிட்டு நாள் கணக்காகக் காத்திருந்தாய். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த வருஷம் அது. 2023 மிக்ஜாம் புயலில் ஸ்கூட்டர் முழுகிப்போனது. ஒரே தெருவில் தண்ணீர் இல்லாமலும் கஷ்டம், தண்ணீர் வந்தும் கஷ்டம். அந்தத் தெரு மேல் தப்பில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீரின் வழியில் நாம் வீடு கட்டிக்கொண்டால் அது எங்கே போகும்? கூடுவாஞ்சேரியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தாம்பரம் பக்கம் போய்விட்டால் வெள்ளம் வராது என்று மட்டும் எண்ணாதே, 2015இல் முடிச்சூரில் படகு விட்டார்கள்.

உன் ஷீட்டில் தண்ணீருக்கு "குடிநீர் வசதி: உண்டு" என்று மட்டும் இருக்கிறது. அங்கேதான் எனக்குத் தூத்துக்குடி நினைவு வந்துவிட்டது.

1993இல் அப்பாவுக்கு அங்கே அனல்மின் நிலையத்துக்கு மாற்றல் வந்தது. அவர் மட்டும் முன்னால் போய் ஒரு காலை நேரத்தில் வீட்டைப் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்தார். "நல்ல காற்று, பெரிய அடுப்படி, தண்ணீர் இருபத்து நாலு மணி நேரமும்" என்றார். எல்லாம் உண்மைதான். லாரியிலிருந்து சாமான் இறக்கின அன்று ராத்திரி சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். ஐந்து விசில் விட்டேன். திறந்து பார்த்தால் துவரம்பருப்பு போட்டது போட்டபடி கிடக்கிறது. மறுபடி மூடி ஐந்து விசில். அப்போதும் நசுக்கினால் உடைகிறதே தவிர மசியவில்லை. பருப்புதான் பழசு என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இந்தத் தண்ணில பருப்பு வேவாதுக்கா, குடத்துத் தண்ணி வாங்குங்க." வீட்டுச் சொந்தக்காரர் இருபத்து நாலு மணி நேரமும் என்று சொன்னது கிணற்றுத் தண்ணீரை. அதில் சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் டம்ளரில் வெள்ளையாகப் படியும், என் தலைமுடி பாதி அங்கேதான் போனது. ஐந்து வருஷம் குடக் கணக்கில் நல்ல தண்ணீர் வாங்கிச் சமைத்தேன். அப்புறம் மேட்டூருக்கு மாற்றல் வந்து, காவிரித் தண்ணீரில் மூன்றாவது விசிலுக்கே பருப்பு குழைந்தபோது அடுப்படியில் நின்று அழுதேன். நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய், கேலி செய்தாய்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது ஒரு காலி பாட்டில் எடுத்துக்கொண்டு போ. குழாயில் பிடி, இரவு தங்குகிற இடத்தில் ஒரு பிடி பருப்பு வேகவைத்துப் பார். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் பருப்பு இறுகிவிடும், அவ்வளவுதான் விஷயம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக்கொள்ளச் சொல் என்கிறார் அப்பா. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறதாம். வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோவை என்றால் எல்லோரும் சிறுவாணி என்பார்கள். சிறுவாணி எல்லாத் தெருவுக்கும் வராது. மாப்பிள்ளை ஆபீஸ் பக்கம் என்று பார்க்கிற சரவணம்பட்டிக்கெல்லாம் பில்லூர் அணைத் தண்ணீர். அதுவும் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று கேள். அங்கே "நல்ல தண்ணி, உப்புத் தண்ணி" என்று இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். தரகரிடம் கேட்காதே, எதிர் வீட்டில் கோலம் போடுகிற பெண்ணிடம் கேள். தொட்டி எவ்வளவு பெரிது என்றும் பார். பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற இடத்தில் தொட்டி சின்னதாக இருந்தால் மறுபடி லாரிதான்.

மழையையும் விசாரி. கோவையில் சென்னை அளவுக்குப் பெய்யாது, பாதிதான். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு வரும், சுகமாக இருக்கும். ஆனாலும் ஒரு மணி நேரம் கொட்டினால் லங்கா கார்னர் பாலத்துக்கடியில் பஸ் நின்றுவிடும். சங்கனூர் ஓடைக் கரையில் வாடகை குறைவாக இருந்தால் ஏன் குறைவு என்று யோசி. திருச்சியும் ஒன்றும் மேடு இல்லை. 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் கரை மீறின. எந்த ஊரானாலும் காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா, ஈ.பி. மீட்டரை ஆள் உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பார். மீட்டரை ஏற்றின வீட்டுக்காரர் எதையோ பார்த்திருக்கிறார்.

வேலை விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இன்றைக்கு மாப்பிள்ளைக்கு எங்கிருந்தும் வேலை செய்யலாம், நாளைக்குக் கம்பெனி மாற்றிச் சொன்னால்? திருச்சியில் நவல்பட்டு எல்காட் ஐ.டி. பார்க்கைத் தாண்டி உங்கள் இருவருக்கும் கைகொடுக்க அதிகம் இல்லை. கோவையில் ஒரு கதவு மூடினால் தட்டிப் பார்க்க நாலு கதவு உண்டு. திருச்சியின் மே மாதமும் உனக்குத் தெரியும். மொட்டை மாடியில் வடாம் ஒரே நாளில் காய்ந்துவிடும், அது எனக்கு லாபம், வீட்டுக்குள் உட்கார்ந்து லேப்டாப் பார்க்கிறவர்களுக்கு இல்லை. இதையெல்லாம் நானே எழுதுகிறேன் என்பதையும் கவனி. கோவையிலிருந்து கரூர் வழியாக ஐந்து மணி நேரத்தில் வந்துவிடலாம். நாங்கள் ஒன்றும் சீமையில் இல்லை.

இன்னொன்றை எழுதத்தான் இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். தூத்துக்குடிக்குப் போனது நவம்பர் மாதம். நீ நாலாவது. நடு வருஷத்தில் சேர்த்தோம். அங்கே உன்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள், யூனிபார்ம் வருகிறவரை கலர்ச் சட்டையில்தான் போனாய். பொங்கல் வரைக்கும் நீ வீட்டில் சரியாகப் பேசவே இல்லை. நான் தண்ணீர்க் குடமும் பால்கார்டுமாக அலைந்துகொண்டிருந்தேன், குழந்தை சமர்த்தாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உன் டிபன் பாக்ஸைக் கழுவும்போது ஒருநாள் பார்த்தேன், மூடியின் உள்பக்கம் காம்பஸ் முனையால் பழைய வகுப்புப் பிள்ளைகள் பெயரை வரிசையாகக் கீறி வைத்திருந்தாய். உன்னிடம் கேட்கவும் இல்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

பெரியவள் இப்போது ஏழாவது. மாறுவதானால் இந்த மே மாதத்திலேயே மாறிவிடுங்கள். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதிலேயே போர்டில் பெயர் பதிந்துவிடுவார்கள், அதற்குப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. சின்னவன் எங்கே போட்டாலும் முளைத்துவிடுவான். ஆனால் வீடு பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளிக்கூட வாசலில் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்தில் நிற்கச் சொல்லு. அவள் வேண்டாம் என்றால் அந்த ஊரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏன் வேண்டாம் என்று மட்டும் முழுசாகக் கேளுங்கள்.

வாடகைக்கு ஒன்று. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் செல்லும் என்று ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துக்கு முன் படித்துப் பார். முதல் பதினோரு மாதம் வாடகைதான், வீடு வாங்குகிற பேச்சே வேண்டாம். ஒரு கோடை, ஒரு மழை பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

அப்பா மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஒட்டடை அடிக்கத்தான் என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே.

அடுத்த வாரம் கோவை போய்விட்டுத் திரும்பும்போது இந்தப் பக்கம் வாருங்கள். பாட்டிலில் தெருப் பெயரை எழுதி ஒட்டிக் கொண்டு வா. பருப்பு நான் எடுத்து வைக்கிறேன், ஒரே குக்கரில் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா
உறையூர்